சியாகுல்லி முதல் பலேர்மோ நீதிமன்றம் வரை: மனமுடைந்த ஒரு குழுவை மீட்ட தலைமை

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரின் தென்கிழக்கு விளிம்பில் அமைந்துள்ளது சியாகுல்லி. மற்ற இடங்களில் பருவம் முடியும் வேளையில் பழுக்கத் தொடங்கும் மாண்டரின் ஆரஞ்சுகளுக்குப் பெயர் பெற்ற தோட்டப் பகுதி அது. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் கணிசமாக வாழும் நகரம் பலேர்மோ என்பதால், அந்தப் பழங்களின் சுவையை அறிந்த தமிழர்களும் உண்டு. ஆனால் இத்தாலியின் அண்மைக்கால வரலாற்றில் சியாகுல்லி என்ற பெயர் இடம்பெற்றிருப்பது வேறு காரணத்துக்காக.

1963 ஜூன் 30-ஆம் தேதி, அங்கு கைவிடப்பட்டிருந்த ஆல்ஃபா ரோமியோ ஜூலியெத்தா கார் ஒன்றைப் பற்றித் தகவல் கிடைத்து, கராபினியேரி எனப்படும் துணை இராணுவக் காவல் படையினரும் இராணுவத்தின் வெடிகுண்டு வல்லுநர்களும் சென்றனர். காருக்குள் கண்ணில் படும்படி இருந்த வெடிப்பொருள் செயலிழக்கச் செய்யப்பட்டது. ஆபத்து நீங்கியது என்று எண்ணிக் காரின் பின்பெட்டியைத் திறந்தபோது, அதில் இருந்த மற்றொரு குண்டு வெடித்தது. லெப்டினன்ட் மாரியோ மலவுஸா உட்பட 7 பேர் உயிரிழந்தனர். மாஃபியாவின் இரு பிரிவுகளுக்கு இடையே நடந்து வந்த மோதலில், சியாகுல்லியின் க்ரேகோ குடும்பத்தைக் குறிவைத்து நிறுத்தப்பட்ட கார் அது.

அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். மாஃபியா பற்றி ஆராயும் நாடாளுமன்ற ஆணைக்குழு ஒரு வாரத்துக்குள் தனது முதல் அமர்வை நடத்தியது. ஆனால் 1968 டிசம்பரில், கதன்சாரோ நகரில் 114 பேர் மீது நடந்த பெரும் வழக்கின் தீர்ப்பு வந்தபோது, பெரும்பாலானோர் விடுதலையாயினர் அல்லது சிறிய தண்டனைகளோடு தப்பினர்.

பலேர்மோவின் புலனாய்வாளர்களிடையே அந்தத் தீர்ப்பு ஏற்படுத்திய சோர்வு நீண்ட காலம் நீடித்தது. எவ்வளவு ஆதாரம் திரட்டினாலும் வழக்கு நிற்காது என்ற எண்ணம் ஒரு பக்கம். திரட்டியவர் உயிரோடு இருக்கமாட்டார் என்ற அச்சம் மறுபக்கம். குழுவின் மனஉறுதி, தலைமைத்துவப் பயிற்சி என்றெல்லாம் நிர்வாகவியல் துறையில் இன்று அதிகம் பேசப்படுகிறது. விற்பனை குறைந்த நிறுவனங்களையும் ஊழியர்கள் விலகிச் செல்லும் அலுவலகங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டே பெரும்பாலும் அந்த ஆலோசனைகள் வழங்கப்படுகின்றன. சக ஊழியர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படும் அலுவலகத்தில் மனஉறுதியை மீட்பது எப்படி என்ற கேள்வியை எதிர்கொண்ட இடம் பலேர்மோ நீதிமன்றம்.

தனித்து நின்றவர்கள்

கதன்சாரோ வழக்குக்கு அடிப்படையான விசாரணைகளை நடத்திய நீதிபதி சேசரே தெர்ரனோவா, பலேர்மோவின் புலனாய்வு நீதிபதிகள் அலுவலகத்துக்குத் தலைமையேற்கவிருந்த நிலையில் 1979 செப்டம்பர் 25-ஆம் தேதி, அவருக்குப் பாதுகாப்பாகச் சென்ற காவல் அதிகாரி லெனின் மன்குஸோவுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். இரு மாதங்களுக்கு முன்புதான் நகரக் காவல்துறைப் புலனாய்வுப் பிரிவின் தலைவர் போரிஸ் ஜூலியானோ கொல்லப்பட்டிருந்தார்.

1980-இல் நடந்த மற்றொரு சம்பவம், அன்றைய நீதிமன்றத்தின் மனநிலையைப் படம்பிடித்துக் காட்டுகிறது. மே மாதத்தில், போதைப்பொருள் வணிகத்தில் ஈடுபட்ட ஒரு பெரும் கும்பலைச் சேர்ந்தவர்களைத் தடுத்து வைக்கும் ஆணைகள் தலைமை அரச வழக்குத்தொடுநர் கயெத்தானோ கொஸ்தாவின் மேசைக்கு வந்தன. அவரது துணை அதிகாரிகள் கையெழுத்திட மறுத்தனர். கொஸ்தா தனியாகக் கையெழுத்திட்டார். கையெழுத்து அவருடையது மட்டுமே என்ற செய்தி அறைக்கு வெளியே போக அதிக நேரம் ஆகவில்லை. ஆகஸ்ட் 6-ஆம் தேதி மாலை, வீட்டுக்கு அருகே தெருவோரப் புத்தகக் கடை ஒன்றின் முன்னால் அவர் சுடப்பட்டு இறந்தார்.

மறுத்த அதிகாரிகளைக் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒரு காகிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே இலக்காகிறார் என்ற நிலை இருக்கும்வரை, அடுத்தவர் பெயரை எதிர்பார்த்துக் காத்திருப்பதே இயல்பாகிவிடுகிறது. பலேர்மோவின் நோய் அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. அக்காலத்து இத்தாலியச் சட்டத்தின்படி, ஆதாரங்களைத் திரட்டி, ஒருவரை வழக்கு விசாரணைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்பவர் புலனாய்வு நீதிபதி. ஒவ்வொரு வழக்கும் ஒரு நீதிபதிக்கு உரியது. அவரது கோப்பில் இருப்பது அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் கொல்லப்பட்டால், கோப்புகளில் எழுதப்படாத அறிவு அவரோடு போய்விடும். கொலைக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் வேண்டியதில்லை.

தெர்ரனோவாவுக்குப் பின் அலுவலகத் தலைவரான ரொக்கோ கின்னிச்சி இதை முதலில் உணர்ந்தவர். ஜொவான்னி ஃபால்கோனெ, பாவுலோ போர்செல்லினோ ஆகியோரை மாஃபியா வழக்குகளுக்குக் கொண்டுவந்தவர் அவரே. நீதிபதிகள் தகவல்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஆனால் மேலிடத்திலிருந்து அவருக்குக் கிடைத்த ஆலோசனை வேறுவிதமானது. சிசிலியின் பொருளாதாரத்தை இந்த விசாரணைகள் கெடுக்கின்றன, ஃபால்கோனெயைச் சில்லறை வழக்குகளில் மூழ்கடியுங்கள் என்று நீதித்துறையின் மூத்தவர் ஒருவர் தம்மிடம் கூறியதாகக் கின்னிச்சி தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். 1983 ஜூலை 29-ஆம் தேதி காலை, அவரது வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டிருந்த காரில் குண்டு வெடித்தது. கின்னிச்சியும், அவரது பாதுகாவலர்கள் இருவரும், குடியிருப்பின் காவலாளியும் உயிரிழந்தனர்.

புளோரன்சிலிருந்து வந்தவர்

அவரது இடத்துக்குத் தாமாக விண்ணப்பித்தவர் அந்தோனினோ கப்பொன்னெத்தோ. 1920-இல் சிசிலியின் கல்தானிசெத்தாவில் பிறந்தாலும், வாழ்நாளின் பெரும்பகுதியை வடக்கே தஸ்கனி மாநிலத்தில் கழித்தவர். அப்போது அவருக்கு வயது 63. மெலிந்த உடல், தாழ்ந்த குரல். மாஃபியா வழக்குகளில் பெயர் பெற்றவரும் அல்லர். ஓய்வை எதிர்நோக்கும் வயதில் ஒருவர் இந்தப் பதவியைக் கேட்டு வாங்கியது பலருக்கும் புதிராக இருந்தது.

1983 நவம்பரில் பொறுப்பேற்ற அவர், ஊக்க உரை எதையும் பெரிதாக நிகழ்த்தியதாகத் தெரியவில்லை. அவர் செய்த முக்கியமான காரியம், ஏற்கெனவே இத்தகைய நிலையைச் சமாளித்தவர்களிடம் யோசனை கேட்டது. 1970-களில் செம்படையணி என்ற ஆயுதக் குழுவுக்கு எதிரான விசாரணைகளை நடத்திய வட இத்தாலிய நீதிபதிகள், கொலை அச்சுறுத்தலைச் சமாளிக்கக் கூட்டாகச் செயல்படும் முறையை உருவாக்கியிருந்தனர். டூரின் நகரின் ஜன் கார்லோ கசெல்லி அவர்களில் ஒருவர். அவரைப் போன்றவர்களிடம் கப்பொன்னெத்தோ நடைமுறை விவரங்களைக் கேட்டறிந்தார். தலைமைத்துவப் பயிற்சி என்ற சொல் அன்று இத்தாலிய நீதிமன்றங்களில் புழக்கத்தில் இல்லை. ஆனால் பட்டறிந்த சக அதிகாரியிடம், பதவி வயது பாராமல் ஒரு தலைவர் கற்றுக்கொள்வது என்ற பொருளில், அது நடந்தது.

சட்டம் ஒரு வழக்குக்கு ஒரு நீதிபதி என்றே கூறியது. அதை மாற்றும் அதிகாரம் அலுவலகத் தலைவருக்கு இல்லை. எனவே கப்பொன்னெத்தோ மாஃபியா வழக்குகளைத் தமது பெயருக்கே ஒதுக்கிக்கொண்டு, தனித்தனி விசாரணைப் பணிகளைத் தமது நீதிபதிகளுக்குப் பகிர்ந்தளித்தார். ஃபால்கோனெ, போர்செல்லினோ, ஜுசெப்பே தி லெல்லோ, லியோனார்தோ குவார்னொத்தா ஆகிய நால்வர் அந்தக் குழுவில் இருந்தனர். பின்னாளில் மேலும் சிலர் சேர்க்கப்பட்டனர். கையெழுத்தின் சுமை முதலில் தலைவர் மீது விழுந்தது. விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. ஒருவரைக் கொன்றால் வழக்கு நின்றுவிடும் என்ற கணக்கு பொய்த்தது.

இந்த ஏற்பாட்டின் விளைவுகள் பாதுகாப்போடு முடிந்துவிடவில்லை. ஒரு வங்கிக் காசோலை பற்றி ஃபால்கோனெ கண்டுபிடித்தது, போர்செல்லினோ விசாரிக்கும் கொலை வழக்கில் பொருத்திப் பார்க்கப்பட்டது. தனித்தனிக் குற்றங்களாகத் தெரிந்தவை, தலைமைக் குழுவும் ஒழுங்குமுறையும் கொண்ட ஒரே அமைப்பின் செயல்களாகத் தெரியத் தொடங்கின. வேலை நகர்கிறது என்பதைக் கண்ணால் காணும் குழுவிடம் நம்பிக்கை பற்றி யாரும் தனியாகப் பேச வேண்டியிருப்பதில்லை.

கப்பொன்னெத்தோ மனைவியைப் புளோரன்சில் விட்டுவிட்டு வந்திருந்தார். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தங்கியிருந்தது நிதிக் காவல் படையின் முகாமில் ஒரு அறையில். மெய்க்காவலர்களின்றி வெளியே நடக்க முடியாத வாழ்க்கையை நீதிபதிகள் நடத்தியபோது, அதைவிடக் கடினமான வாழ்க்கையைத் தலைவர் தாமே தேர்ந்துகொண்டிருந்தார். திறமையில் தம்மைவிட ஃபால்கோனெ மேம்பட்டவர் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, அவர் முன்னிற்க வழிவிட்டதும் அவரது பண்பு. மேலதிகாரிகள் பலருக்கு இது எளிதில் கைவராத ஒன்று.

1984 ஜூலையில் தொம்மாஸோ புஷெத்தா என்ற முக்கிய மாஃபியா உறுப்பினர் ஃபால்கோனெயிடம் வாக்குமூலம் அளிக்கத் தொடங்கினார். செப்டம்பர் 29-ஆம் தேதி 366 பேருக்கு எதிராகப் பிடியாணைகள் பிறப்பிக்கப்பட்டன.

காவல்துறையில் வேறு கதை

நீதிபதிகளுக்குக் கிடைத்த இந்தக் கூட்டுப் பாதுகாப்பு, அவர்களுக்காகத் தெருவில் இறங்கிய காவல்துறையினருக்குக் கிடைக்கவில்லை. புலனாய்வுப் பிரிவின் நின்னி கஸ்ஸராவும் இளம் காவலர் கலோஜெரோ சுக்கெத்தோவும் தலைமறைவானவர்களைத் தேடி ஸ்கூட்டரில் சியாகுல்லியின் சந்துகளில் சுற்றி வந்தனர். அங்கு கொலையாளிகள் இருவர் சுக்கெத்தோவை அடையாளம் கண்டுகொண்டனர். 1982 நவம்பர் 14-ஆம் தேதி அவர் கொல்லப்பட்டார். க்ரேகோ குடும்பத்தின் மிகேலெ க்ரேகோவைத் தலைமையாகக் குறித்து 162 பேர் பற்றிய அறிக்கையை அதே ஆண்டில் கஸ்ஸரா தயாரித்திருந்தார். பின்னர் நடந்த பெரும் வழக்கின் அடித்தளங்களில் ஒன்று அந்த அறிக்கை.

1985 ஜூலை 28-ஆம் தேதி, தலைமறைவானவர்களைத் தேடும் பிரிவின் பொறுப்பாளர் பெப்பே மொந்தானா கொல்லப்பட்டார். சில நாட்களில், அந்தக் கொலை தொடர்பாக விசாரிக்கப்பட்ட இளைஞர் ஒருவர் காவல் தலைமையகத்திலேயே உயிரிழந்தார். அவர் அடித்துத் துன்புறுத்தப்பட்டது வெளிவந்ததும் நகரம் கொந்தளித்தது. அதிகாரிகள் மாற்றப்பட்டனர். துயரமும் ஆத்திரமும் தலைமையின் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது குழு ஒன்று எங்கு போய் நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி பலேர்மோவில் இல்லை. ஆகஸ்ட் 6-ஆம் தேதி கஸ்ஸராவும் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் இறந்த 23 வயதுக் காவலர் ரொபேர்த்தோ அந்தியோக்கியா, ரோமுக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டவர். மொந்தானாவின் மரணச் செய்தி கேட்டு, விடுப்பில் இருந்தபோதே தமது பழைய குழுவுக்கு உதவத் திரும்பி வந்திருந்தார். அந்த ஆகஸ்டில் நடந்த இறுதிச் சடங்கில் காவலர்கள் உள்துறை அமைச்சருக்கு எதிராக வெளிப்படையாகவே கோபத்தைக் காட்டினர்.

ஆபத்து நெருங்கியதை உணர்ந்து, ஃபால்கோனெயும் போர்செல்லினோவும் குடும்பத்தினருடன் சிறைத் தீவான அசினாராவுக்கு அவசரமாகக் கொண்டு செல்லப்பட்டனர். குற்றப்பத்திரிகையை எழுதும் பணி அங்கு தொடர்ந்தது. தங்கியதற்கும் உண்டதற்குமான கட்டணத்தைச் செலுத்துமாறு பின்னர் அரசு அவர்களிடம் கேட்டது. தமது அலுவலகத் தலைவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், அதற்கு மேலுள்ள அமைப்பு அவர்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு அந்தப் பில் ஓர் அடையாளம்.

1985 நவம்பர் 8-ஆம் தேதி 475 பேர் மீது வழக்குத் தொடர ஆணையிடப்பட்டது. ஆவணம் 8,000 பக்கங்களைத் தாண்டியது. உச்சியார்தோனே சிறையை ஒட்டி இதற்கெனவே கட்டப்பட்ட அரண்போன்ற மண்டபத்தில், 1986 பிப்ரவரி 10-ஆம் தேதி விசாரணை தொடங்கியது. பத்து நாட்களில் மிகேலெ க்ரேகோ பிடிபட்டார். 1987 டிசம்பர் 16-ஆம் தேதி வெளிவந்த தீர்ப்பில் 346 பேர் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். க்ரேகோ உட்பட 19 பேருக்கு ஆயுள் தண்டனை. கதன்சாரோ தீர்ப்பு வந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு வாக்கெடுப்பு

நெடுங்காலம் கட்டியதைக் கலைக்க ஐந்து வாரங்களே தேவைப்பட்டன. தமக்குப் பின் ஃபால்கோனெ தலைமையேற்பார் என்று உறுதியாக நம்பிய கப்பொன்னெத்தோ, புளோரன்ஸ் திரும்ப விண்ணப்பித்திருந்தார். 1988 ஜனவரி 19-ஆம் தேதி, நீதிபதிகளின் நியமனங்களைத் தீர்மானிக்கும் நீதித்துறை உயர் மன்றம், ஃபால்கோனெக்குப் பதிலாக அந்தோனினோ மெலியைத் தேர்ந்தெடுத்தது. மெலிக்கு 14 வாக்குகள், ஃபால்கோனெக்கு 10. ஐந்து பேர் வாக்களிக்கவில்லை. அன்று மன்ற உறுப்பினராக இருந்து ஃபால்கோனெக்கு வாக்களித்தவர்களில் டூரினின் கசெல்லியும் ஒருவர்.

மெலி நேர்மையற்றவர் என்று யாரும் கூறவில்லை. பணிமூப்பில் அவர் ஃபால்கோனெயை விட மிகவும் முன்னால் இருந்தார். 1986-இல் போர்செல்லினோ மார்சாலா நகரின் தலைமை வழக்குத்தொடுநராக நியமிக்கப்பட்டபோது, பணிமூப்பைவிட அனுபவமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. சிசிலியின் புகழ்பெற்ற எழுத்தாளர் லியோனார்தோ ஷாஷா 1987 ஜனவரியில் ஒரு நாளிதழில் அதைக் கடுமையாக விமர்சித்தார். மாஃபியா எதிர்ப்பு என்பதே பதவி உயர்வுக்கான வழியாகிறது என்பது அவரது குற்றச்சாட்டு. ஓராண்டுக்குப் பின் மூப்பு மீண்டும் வென்றதற்கு, அந்த விவாதம் தயார் செய்த சூழலும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

புதிய தலைவர் சட்டத்தின் எழுத்தைப் பின்பற்றினார். வழக்குகள் மீண்டும் தனித்தனி நீதிபதிகளுக்குப் பிரிந்து சென்றன. குழுவின் உறுப்பினர்களுக்கு மாஃபியாவோடு தொடர்பில்லாத வழக்குகளும் வந்தன. சிசிலி முழுவதற்கும் ஒரே மாஃபியா அமைப்பு என்ற குழுவின் அடிப்படைக் கண்டறிதலே கேள்விக்குள்ளானது. 1988 ஜூலையில் போர்செல்லினோ பத்திரிகைகளுக்கு அளித்த பேட்டியில் இதைப் பகிரங்கமாகச் சொன்னார். ஃபால்கோனெயும் சக நீதிபதிகளும் வேறு பணிக்கு மாற்றுமாறு விண்ணப்பித்தனர். குண்டுகளால் சிதறாத குழு, பணிப் பங்கீட்டால் சிதறியது. 1991-இல் ஃபால்கோனெ ரோமில் நீதி அமைச்சகப் பணிக்குச் சென்றார். நாடெங்கும் மாவட்ட அளவில் மாஃபியா எதிர்ப்பு வழக்குத்தொடுநர் குழுக்களை அமைக்கும் சட்டம் அதே ஆண்டில், பெரிதும் அவரது முயற்சியால் வந்தது. பலேர்மோவில் ஒரு தலைவரின் சாமர்த்தியத்தை நம்பி இருந்த முறை அதன்மூலம் நாட்டின் சட்டமானது.

1992 ஜனவரி 30-ஆம் தேதி, பெரும் வழக்கின் தீர்ப்பை நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மே 23-ஆம் தேதி கபாச்சி அருகே நெடுஞ்சாலைக்கு அடியில் வைக்கப்பட்ட குண்டில் ஃபால்கோனெயும், அவரது மனைவி பிரான்செஸ்கா மொர்வில்லோவும், மூன்று காவலர்களும் கொல்லப்பட்டனர். ஜூலை 19-ஆம் தேதி போர்செல்லினோவும் ஐந்து காவலர்களும் கொல்லப்பட்டனர். பலேர்மோ வந்திருந்த கப்பொன்னெத்தோ, செய்தியாளர் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்ன காட்சி இத்தாலியத் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது.

நான்கு நாட்களில், பலேர்மோ வழக்குத்தொடுநர் அலுவலகத்தின் மாஃபியா எதிர்ப்புப் பிரிவில் பணியாற்றிய எட்டுப் பேர் கூட்டாகப் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். பணியைச் செய்வதற்கான சூழல் இல்லை, அலுவலகத் தலைமையின் கீழ் தொடர முடியாது என்பதே அதன் சாரம். அச்சத்தால் விலகியவர்களாக அவர்களைக் கருத இடமில்லை. 1980-இல் கொஸ்தாவின் அறையில் மௌனமாக இருந்த அதிகாரிகளுக்கும் இவர்களுக்கும் இடையே, சேர்ந்து கையெழுத்திடப் பழகிய பத்து ஆண்டுகள் இருந்தன. தலைமை வழக்குத்தொடுநர் மாற்றப்பட்டார்.

காலியான அந்தப் பதவிக்கு டூரினிலிருந்து ஒருவர் தாமாக விண்ணப்பித்தார். 1983-இல் கப்பொன்னெத்தோ யோசனை கேட்ட ஜன் கார்லோ கசெல்லிதான் அவர். 1993 ஜனவரி 15-ஆம் தேதி அவர் பொறுப்பேற்றார். 23 ஆண்டுகளாகத் தலைமறைவாக இருந்த மாஃபியா தலைவர் சல்வதோரே ரீனா பலேர்மோ தெருவொன்றில் பிடிபட்டது அதே நாள் காலையில். கசெல்லி 1999 வரை அங்கே பணியாற்றினார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னதற்காக வருந்திய கப்பொன்னெத்தோ, அதற்குப் பின் பத்து ஆண்டுகள் இத்தாலியின் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று மாணவர்களிடம் பேசி வந்தார். 2002 டிசம்பர் 6-ஆம் தேதி புளோரன்சில் அவர் காலமானார். மிகேலெ க்ரேகோ 2008-இல், தண்டனையை அனுபவித்து வந்த காலத்திலேயே இறந்தார்.